நடக்காத இறுதி ஆட்டம்

லண்டன்,
4 ஆகஸ்ட் 1912

அன்புத் தம்பி பெர்சிக்கு,

அண்ணன் சைலஸ் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணி எடித்துக்கு இருமல் தேவலை. கனடாவில் உன் வீட்டு மாடியை எங்களுக்காக ஒழித்து வைத்திருக்கிறாய் என்றதும் அவள் பெட்டிகளைத் தூசி தட்டிவிட்டாள். பதில் போடாமல் இருந்தது நான்தான்.

ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் முடிந்துவிட்டது. நாலு சுவருக்குள் மட்டையால் பந்தடிக்கும் நம் ராக்கெட்ஸ் ஆட்டம் அதில் இல்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒலிம்பிக் இங்கே நடந்தபோது சேர்த்ததோடு சரி. அப்போதும் வெளிநாட்டான் ஒருவன் வரவில்லை. எல்லாரும் நம் ஊர்க் கனவான்கள். கடைசியில் ஒருவருக்குக் காயம், இறுதி ஆட்டமே நடக்காமல் மற்றவருக்குத் தங்கம். புள்ளி எண்ணிக்கை சொல்ல வந்த நான் வெறும் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே நீ நின்றிருக்க வேண்டும்.

ஹாலம் முதற்கொண்டு அந்தக் கனவான்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். கூலி வாங்குகிறவன் என்பதால் எனக்கு இடமில்லை. கூலி தேவைப்படாதவன்தான் ஆட்டக்காரனாம்! நீ ரயில்வே குமாஸ்தா, காசுக்கு ஆடாதவன். போட்டியில் சேர நீ போட்ட மனுவை அவர்களால் சட்டென்று தட்ட முடியவில்லை. "அண்ணே, நீ எண்ணிக்கைய மட்டும் சரியா சொல்லு, ஹாலம் துரைக்கு நான் நாக்குத் தள்ள வைக்கிறேன்" என்று சிரித்தாய்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எழுதுகிறாய்: "போட்டுக்கொடுத்த நாய் யாருன்னு விசாரிச்சியா?"

நான்தான், பெர்சி.

எனக்குக் காய்ச்சல் கண்ட வாரம், என் வேலை போய்விடக் கூடாதென்று நீ போய் எண்ணிக்கை சொன்னாய். ஹாலம் உன் கையில் ஒரு வெள்ளிக் காசைத் திணித்தார். அதில் எனக்கு மருந்து வாங்கி வந்தாய். பிறகு போட்டிக் குழுவிலிருந்து ஒருவர் வந்து கேட்டார்: "ஏம்ப்பா சைலஸ், உன் தம்பி இங்க எப்பவாவது காசு வாங்கியிருக்கானா?" இல்லை என்றிருக்கலாம். ஹாலமுக்கு அது நினைவுகூட இருந்திருக்காது. "ஒரு தடவை வாங்கினான், ஐயா" என்றேன். அந்த ஒரு காசால் நீயும் கூலிக்காரன் ஆனாய், உன் மனு தள்ளுபடி ஆனது.

உண்மையைத்தானே சொன்னேன் என்று வெகுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். இருபது வருஷமாக என்னை வெளியே நிறுத்திய வாசலுக்குள் நீ போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர்களை ஒன்றும் செய்ய முடியாத கையாலாகாதவன் உன்னை அடித்தேன்.

எடித்துக்கு இது தெரியாது. இதை மறைத்துக்கொண்டு உன் வீட்டில் சோறு தின்ன மாட்டேன். படித்த பிறகும் மாடி எங்களுக்குத்தான் என்றால் ஒரு வரி எழுது. இல்லையென்றால் வேறு யாருக்காவது கொடு. நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

குளிர் தொடங்குவதற்குள் நல்ல கம்பளிக் குல்லாய் வாங்கிக்கொள். உனக்குக் காது தாங்காது.

உன் அண்ணன் என்று கையெழுத்துப் போட இன்னும் ஆசைப்படும்,
சைலஸ்