தலைக்கு மேல் குளம்

1942, மாசி 9. அன்னவாசல்.

பன்னிரண்டு நாளாகச் சித்தன்னவாசல் சமணக் குகையில் மல்லாந்து கிடந்து, கூரையில் தீட்டியிருக்கும் தாமரைக் குளத்தைப் பார்த்து வரைகிறேன். கழுத்து விட்டுப்போயிற்று. “மீனெல்லாம் காற்றில் தொங்குகிறது” என்று மியூசியத்து அதிகாரி இரண்டு முறை படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாளை கடைசி நாள்.

காலையில் கண்ணாடி பிடித்து வெயிலைக் குகைக்குள் அடிப்பது, கூலிக்கு வரும் உள்ளூர்க்காரி கறுப்பாயியின் வேலை. மூன்று மணிக்கு மேல் வெயில் தானாகவே உள்ளே வந்துவிடும். இன்று அந்த நேரத்தில் கண்ணாடியைத் தரையில் மல்லாத்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“வேலை நேரத்துல என்ன அழகு பாக்குற?”

“மொகத்தப் பாக்கலங்க. இங்கிட்டு வந்து குனிஞ்சு பாருங்க.”

குனிந்தேன். என் காலடியில் குளம் கிடந்தது. யானை, தாமரை பறிக்கிறவன், மீன்கள். ஒரு மீன்கூடத் தொங்கவில்லை. எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. ஆயிரம் வருஷத்துத் தண்ணீர். மூச்சு விட்டால் கலங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது.

“இம்புட்டு அழகான கொளத்த ஏன் தலைக்கு மேல கொண்டுபோய் வச்சாங்க?” என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

“மேல இருந்தா மீன யாரும் புடிக்க முடியாதுல்லங்க” என்றாள்.

எறும்புக்கும் தீங்கு நினைக்காத துறவிகள் இருந்த இடம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும், மதியம் அங்கேயே உட்கார்ந்து மீமிசல் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.

மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கை இன்னும் மணக்கிறது. நாளை இந்தக் கையால்தான் அந்த மீன்களை வரைய வேண்டும்.