சும்மா நின்ற கிரேன்

ஜூன் 3
கிரேன் இன்றே வந்துவிட்டது. எந்த ஆள், எந்தப் பொருள், எந்த நாள் என்று அட்டவணை போடுவதுதான் இந்தக் கட்டுமான இடத்தில் என் வேலை. அதன்படி கிரேன் இருபத்து நான்காம் தேதிதான் வரவேண்டும். தூண்களுக்குக் கம்பி கட்டி முடியாமல் அது எதைத் தூக்கும்? மேலாளரிடம் கேட்டேன். "வேற சைட்காரன் கொத்திட்டுப் போயிடுவான் சார். அதான் முந்திக்கிட்டேன்." நாள் வாடகை ஓடுமே என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க" என்றேன். அறுபத்தேழு வயதில் என்ன 'சரிங்க'?

ஜூன் 5
மதியம் கம்பி மேஸ்திரி வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு என் மேசைக்கு வந்தார். மனைவி போனபிறகு நான் யாருடனாவது சேர்ந்து சாப்பிடுவது இந்த அரை மணி நேரம்தான். "ஐயா, உங்க அட்டவணையில நான் மெல்றதுக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்கீங்க?" சிரித்ததில் புரையேறியது.

ஜூன் 9
கிரேன் நிற்கிறது. ஓட்டுநர் அதன் நிழலில் தூங்குகிறார்.

ஜூன் 11
வாடகையை ஈடுகட்ட ஆள் குறைப்பாம். மேஸ்திரியின் கீழ் கம்பி கட்டும் பதினான்கு பேரில் எட்டுப் பேர் நாளை முதல் இல்லை. மிச்சம் ஆறு பேர் கட்டினால் தூண்கள் ஜூலை நடுவில்தான் முடியும். அதுவரை கிரேனும் நிற்கும். சிக்கனம் என்று செலவை அல்லவா வளர்க்கிறார்கள்! இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலாளர் அறை வாசல்வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். திரும்பிவிட்டேன். — என் கணக்கு தப்பாக இருந்தால்?

ஜூன் 12
மேஸ்திரி வந்து நின்றார். "எட்டுப் பேர விட்டுட்டு நான் மட்டும் எப்படிய்யா இருக்கறது? உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"
"தெரியாதே" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன்? சே, என்ன மனுஷன்யா நான்!
மொத்தக் குழுவும் மூட்டை கட்டிவிட்டது.

ஜூன் 13
டிபனைத் திறக்கவில்லை.

ஜூன் 16
சொல்லிவிட்டேன். முதலாளி வந்திருந்தபோதே, மேலாளர் எதிரிலேயே. அந்தத் தாளை நீட்டினேன். முதலாளி இரண்டு முறை படித்தார். "இத முன்னாடியே ஏன் பெரியவரே சொல்லல?" என்றார். கிரேனைத் திருப்பி அனுப்பச் சொன்னார். மேஸ்திரியை அழைக்கும் பொறுப்பு எனக்கு.

ஜூன் 17
மேஸ்திரி நான்காவது முறைதான் போனை எடுத்தார். "வேற இடத்துல வாக்கு குடுத்துட்டேன்யா" என்றார்.
"அன்னிக்கு எனக்குத் தெரியும்" என்றேன்.
அந்தப் பக்கம் கம்பி வெட்டும் சத்தம் கேட்டது.
"உங்க முகத்துலயே தெரிஞ்சுதுய்யா. வேலை இருக்கு, வச்சிடறேன்."
புதுக் குழு திங்கட்கிழமை வருகிறது. பதினாறு பேர். அட்டவணையைத் திருத்தி எழுதினேன்.