ஆக்டோபஸ் பற்றிப் பேசிய காலை

7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மாடியில் காய்ந்த துணியை எடுக்க மறந்து, ராத்திரித் தூறலில் யூனிபார்ம் பாதி ஈரம். அப்படியே போட்டுக்கொண்டு ஓட்டம். மீஞ்சூரில் வண்டி லேட். நல்லதுதான், உரை கேட்க நேரம் கிடைத்தது.

இந்த வாரம் கடல் உயிரினங்கள். ஏதோ ஒரு கல்லூரி அரங்கில் பொதுமக்களுக்காகப் பேசியதைப் பதிவு செய்து போட்டிருக்கிறார்கள். பேசுகிறவர் அடிக்கடி தண்ணீர் குடிக்கிறார். பின்வரிசையில் யாரோ விடாமல் இருமல். போன வாரம் முழுக்கக் கோயில் சிற்பம். அதற்கு முந்தி பழைய வரைபடங்கள். அதற்கும் முந்தி, கண் நிறத்தை எப்படிப் பார்க்கிறது. பிளஸ் டூவோடு நின்றவளுக்கு இந்த இயர்போன்தான் காலேஜ்.

ஆக்டோபஸ்: இதயம் 3. ரத்தம் நீலம். மூளை வேலையில் பாதிக்கு மேல் கைகளிலேயே நடக்கிறது. ஒவ்வொரு கையும் தானாக முடிவு எடுக்குமாம். பொன்னேரி வந்ததும் போனதும் தெரியவில்லை. நாளைக்கு டாக்கில் இதுதான்.

டாக் என்றால் கம்பெனியில் ஷிப்ட் தொடங்கும் முன் லைனில் எல்லோரும் வட்டமாக நிற்க, இன்றைக்கு எங்கே ஆபத்து, எதன் கிட்டே போகக்கூடாது என்று லீடர் சொல்வது. அதற்குத்தான் அந்த ஐந்து நிமிடம். கிளவுஸ் போடு, ஷூ போடு என்று தினம் சொன்னால் எவள் கேட்பாள்? லீடர் ஆன புதிதில் நான் கேட்ட உரையில் ஒரு துண்டைச் சேர்த்துச் சொன்னேன். இப்போது அந்தத் துண்டுதான் முக்கால்வாசி. இன்று மானேஜர் நின்று கேட்டுவிட்டு, நல்லா இருக்கும்மா, இப்படியே பண்ணு என்றார். நாள் முழுக்க அந்த மிதப்பு.

"புரொபசர் அக்கா, எந்த புக்குல படிச்ச?" என்று செல்வி கேட்டாள். ஒரு பெரிய புக் என்று சொல்லிவிட்டேன். காதால் கேட்டது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? தெரியவில்லை. புக் என்றால் கூடக் கொஞ்சம் மரியாதை.

புதிதாகச் சேர்ந்த தேவியிடம், போன வாரம் சொன்னதில் ஏதாவது ஒன்று சொல்லு பார்ப்போம் என்றேன். பேந்தப் பேந்த விழித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கேஸ் புக் பண்ண வேண்டும். பச்சரிசி, சீயக்காய்.

8, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நைட் ஷிப்ட் லீடர் கோபி கிளம்பும்போது என்னிடம் சொன்னான். ரெண்டாவது காஸ்டிக் தொட்டிக்குப் பின்னால் வால்வு கசிகிறது, தரை வழுக்குகிறது, மெயின்டனன்ஸ் ஆள் வரும் வரைக்கும் ஒருத்தரையும் அந்தப் பக்கம் விடாதே, டாக்கில் சொல்லிவிடு. (பெயின்ட் அடிக்கும் முன் இரும்புச் சாமானில் எண்ணெய் போகக் கழுவுகிற தொட்டி. கொதிக்கக் கொதிக்கக் காரத் தண்ணீர்.) சரி என்றேன். தெளிவாகத்தான் கேட்டேன்.

டாக். முதலில் ஆக்டோபஸ், கடைசியில் வால்வு என்று மனசில் வைத்திருந்தேன். "அதக் கொழம்பு வச்சா நல்லா இருக்குமாக்கா?" என்றாள் செல்வி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அதற்காகவே இன்னும் கொஞ்சம் நீட்டினேன். நீந்தும்போது மூன்றில் ஒரு இதயம் நின்றுவிடும், அதனால்தான் அது நீந்துவதைவிட ஊர்வதையே விரும்பும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது சைரன் அடித்துவிட்டது. லைன் ஓட ஆரம்பித்துவிட்டது. வால்வு என் தலையை விட்டுப் போயே போய்விட்டது.

தேவி சாமான் மாட்டும் கொக்கியை எடுக்கத் தொட்டிக்குப் பின்பக்கம் போனாள். வழுக்கி விழுந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே, இடது கை கொஞ்சம் வெந்துவிட்டது. நானும் செல்வியும் தூக்கி வந்து ஷவரடியில் பிடித்து நிறுத்தினோம். தண்ணீர் ஊற்ற ஊற்ற, அக்கா அக்கா என்று என் தோளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரி. தோலோடு போச்சு, ஆறிவிடும், ஆனால் நாளாகும் என்றாராம் டாக்டர்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். "வாயத் தொறக்காத. கேட்டா, சொன்னேன்னு சொல்லிட்டு வா. அவ்ளோதான்." சத்தத்தைத் திரும்பக் கூட்டினார்.

சாப்பிடவில்லை.

9, புதன்

விசாரணை. சேப்டி ஆபீசர் ஒவ்வொருத்தியாக ரூமுக்குள் கூப்பிட்டார். நான் கடைசி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்தேன். சார், நான் மறந்துட்டேன். மூன்றே வார்த்தை.

உள்ளே போனதும் அவரே ஆரம்பித்தார். கோபி உங்கிட்ட சொன்னானாமே என்றார். ஆமாம் சார் என்றேன். நீ டாக்ல சொன்னதா எல்லாப் பொண்ணுங்களும் சொல்றாங்க, தேவியும் ஆஸ்பத்திரியில் அதேதான் சொன்னாளாம், சரிதானே?

தலையை ஆட்டினேன். வாயால் ஆமாம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் வரை அதையே சமாதானமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தலையும் என்னுடையதுதானே. வெட்கக்கேடு.

டிரெஸ் மாற்றும் இடத்தில் செல்வியைப் பிடித்துக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "இன்னாக்கா நீ. உன்ன மாட்டி உடுவோமா? எங்களையும் மனுசியா மதிச்சி இத்தினி விசயம் சொல்றது வேற யாரு கீறாங்க இங்க?" கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆனால் தேவி ஏன் அப்படிச் சொன்னாள்? புரியவில்லை.

10, வியாழன்

மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போனது.

டாக்கில் கிளவுஸ், ஷூ, கண்ணாடி மட்டும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இன்னும் ஏதோ வரும் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிச்ச நேரம் முழுக்க சும்மா நின்றோம். வால்வைப் பற்றிச் சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். திரும்பும்போது ரயிலில் கூட்டம். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கை தானாகப் பைக்குள் போய் இயர்போனை எடுத்தது. ஆக்டோபஸ் உரையின் மிச்சம். தாய் முட்டைகளைக் காத்துக்கொண்டு சாப்பிடாமலே கிடந்து செத்துப்போகும் என்றார். எனக்கு நன்றாக இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் சிரித்துக்கூட விட்டேன். மீஞ்சூரில் இறங்கும்போதுதான் தேவி ஞாபகம் வந்தாள்.

மூன்று நாள் ஆகவில்லை. என்ன ஜென்மம் நான்.

11, வெள்ளி

ஷிப்ட் முடிந்து தேவியைப் பார்க்கப் போனேன். கவரைப்பேட்டையில் இறங்கி ஆட்டோ. ஆப்பிள், பிரெட், ஹார்லிக்ஸ். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டு பெரிது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் மாமியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். போட்ட கையோடு புகார். எப்பவும் பராக்கு, எது சொன்னாலும் காதில் விழாது, ஊருக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை, இவளுக்கு மட்டும் ஏன் ஆகிறது என்று. புருஷனும் அவளிடம் சரியாகப் பேசுவதில்லையாம். ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர் போனில், கவனம் இல்லாத ஆள் வேண்டாம், கால் ஆறினாலும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

மாமியார் உள்ளே போனதும் தேவி மெதுவாகச் சொன்னாள். "நீ சொன்னியாமேக்கா. செல்வியக்கா போன்ல சொன்னா. எனக்கு ஞாபகமே இல்லக்கா. நீ பேசறதுல பாதி எனக்குப் புரியாது, சும்மா தலைய ஆட்டிக்கினு நிப்பேன். அதுல இதையும் கோட்டை உட்டுட்டேன் போல. எம் மண்டை அப்டி."

இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் கத்தினேன். அதற்குள் மாமியார் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த கலர் சோடாவை ஒரு டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினார். வாங்கினேன். குடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தேன். உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மாமியார் வாசல் வரை வந்து வழியனுப்பினார், நீங்க எவ்ளோ பெரிய மனசு, இவ்ளோ தூரம் வந்தீங்களே என்று. ஆட்டோவில் அழுகை. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

என் கதையெல்லாம் கேட்டு எல்லோருக்கும் அறிவு வளர்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தினமும் என் முன்னால் நின்று, தான் மக்கு என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

12, சனி

சொல்லிவிட்டேன்.

ஆபீசர் ரூம். டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு வால்வைப் பற்றிச் சொல்லவே இல்லை சார், வேறு கதை பேசி மறந்துவிட்டேன், தேவி மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரே மூச்சில். டம்ளரைக் கீழே வைத்தார். என்ன கதை என்று கேட்டார். ஆக்டோபஸ் சார் என்றேன். அந்த வார்த்தையை அந்த ரூமில் சொன்ன மாதிரி ஒரு அவமானம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

முடிந்த விஷயம், எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியாகிவிட்டது, ஏன் கிளறுகிறாய் என்றார். நகராமல் நின்றேன். மானேஜரைக் கூப்பிட்டார். மானேஜர் வந்து என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவர்தானே இப்படியே பண்ணு என்றவர். நானும் அதை ஞாபகப்படுத்தவில்லை.

முடிவு: லீடர் வேலை போச்சு. திங்கள் முதல் கொக்கி மாட்டுகிற இடத்தில் நான். தேவி இருந்த இடம். தேவியைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கான்ட்ராக்டருக்கு என் எதிரிலேயே போன் பண்ண வைத்தேன். பண்ணினார்கள்.

வெளியே வந்தால் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செல்வி கண்ணைப் பார்க்காமல் கேட்டாள். "எங்க எல்லாரையும் பொய்க்காரி ஆக்கிட்டியேக்கா. மொதல் நாளே சொல்லியிருந்தா நாங்க ஏன் வாயத் தொறக்கப் போறோம்?" அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். லீடர் அலவன்ஸ் போகும் என்று அவருக்கும் தெரியும். தோசை ஊற்றிக் கொடுத்தார்.

13, ஞாயிறு

வெயில். சர்ச்சுக்குப் போகவில்லை. நேராக ஸ்டேஷன். இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ரயிலில் எதிரே இரண்டு பேர் வழி நெடுக மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அதைக்கூடக் கேட்க முடியவில்லை.

தேவி கட்டிலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை, உட்கார்ந்தால் திரும்பவும் கலர் வரும். நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு நான் சொல்லவே இல்லை தேவி. கோபி என்னிடம் சொன்னான். நான் கதை பேசிக்கொண்டு மறந்துவிட்டேன். மற்றவர்கள் எனக்காகப் பொய் சொன்னார்கள். வேலைக்கு உன்னைத் திரும்ப எடுப்பார்கள், நேற்றே பேசிவிட்டேன்.

பூண்டு கையிலேயே இருந்தது. திட்டுவாள் என்று நின்றேன். திட்டட்டும் என்றுதான் இருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லுக்கா."

சொன்னேன்.

"அப்ப நான் கேக்காம இருந்துடல?"

"இல்ல. நான்தான் சொல்லல."

அவள் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. உள்பக்கம் திரும்பி, "அத்தே, இங்க வா" என்று கூப்பிட்டாள். மாமியார் கரண்டியோடு வந்தார். அவரிடமும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெளியே போய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு கதவருகே நின்றான். அவனிடமும் சொன்னேன். அவன் போய் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான்.

தேவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் மேல் அவளுக்குக் கோபம் வரவே நேரமில்லை, அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அவுங்களுக்கும் சொல்லிட்டுப் போக்கா" என்றாள் தேவி.

செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்று, ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.