ஒருவரும் லீவு கேட்காத மூன்று மாதம்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை, டாக்டர் நடக்கச் சொன்னால் இவர் ஃப்ரிட்ஜ் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார்.

இது கைக்கு வருவதற்குள் என் பெயரைப் பேப்பரில் பார்த்திருப்பாய், போனில் சொல்ல வாய் வரவில்லை. என் பொறுப்பில் உள்ள பன்னிரண்டு போலீஸ் ஸ்டேஷன்களுக்கும் போன வருஷம் மார்க் போட ஆரம்பித்தேன் அல்லவா, அதில் யாராவது லீவு எடுத்தால் அந்த ஸ்டேஷனுக்கே மார்க் குறையும். மாதக் கூட்டத்தில், மார்க்கில் முதலிடம் வந்தவர்களை நிற்கவைத்துக் கைதட்டச் சொல்வேன். ஒரு ஸ்டேஷனில் மூன்று மாதம் ஒருவர்கூட லீவு கேட்கவில்லை. ஆட்கள் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்கிறார்கள் என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதி மார்தட்டிக்கொண்டேன், என் புத்தியை என்ன சொல்ல. அங்கே ஜீப் ஓட்டுகிறவர் நான்கு நாள் நெஞ்சுவலியை வாயு என்று சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஐந்தாம் நாள் காலை ஸ்டேஷன் வாசலில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்தவர் அப்படியே சரிந்து உயிரை விட்டுவிட்டார்.

அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, "என்னால மத்தவங்களுக்கு மார்க் போயிடக் கூடாதுன்னு சொல்லிட்டே இருந்தாரும்மா" என்றார். என்னால் உட்கார முடியவில்லை.

இப்போது விசாரணையில் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் தலையில் பழியைக் கட்டப் பார்க்கிறார்கள். அந்த மார்க் உத்தரவு யாருடையது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடுவார், வாயே திறக்கவில்லை. எட்டு மாதத்தில் ரிட்டயர் ஆகப் போகிறீர்கள், பேசாமல் இருங்கள் என்று என் மேலதிகாரி நல்லது சொல்கிற மாதிரி சொன்னார். என்ன செய்யட்டும் என்று அப்பாவைக் கேட்டேன், அவர் என் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டினார். நாளைக் காலை போய், உத்தரவு என்னுடையது என்று எழுதிக் கொடுக்கிறேன். வேலை போகலாம். பயமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் மனசை அரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் நீ "நல்லா இருக்கேம்மா" என்கிறாய், நானும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறேன். விழுந்து அடிபட்டாலும் அழாத பிள்ளை என்று பார்த்தவர்களிடமெல்லாம் உன்னை மெச்சிக்கொண்டதும் நான்தான்.

ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இரு. வேளைக்குச் சாப்பிடு. இந்த ஞாயிறு, நல்லா இல்லை என்றால் நல்லா இல்லை என்று சொல்லு கண்ணு. நான் போனை வைக்க மாட்டேன்.

உன் அம்மா