பின்னால் போக மறுத்த நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவை இன்று சோதனை நாற்காலியில் உட்கார வைத்தேன். எங்கள் நிறுவனத்தின் புது மின்சக்கர நாற்காலி. மோட்டாரை ஓட்டும் சுற்று என் வடிவமைப்பு. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் தெருவையே பார்க்கவில்லை. தைனான் நகரில் பஸ் ஓட்டியே காலம் தள்ளியவர்.

"ஹாரன் எங்க, யுன்-ரு?"

இல்லை என்றேன்.

"அப்போ இது வண்டியே இல்ல."

ஆனாலும் சந்து முனைவரை போய் வந்தார்.

மார்ச் 6

மானம் போயிற்று. சந்தில் அப்பா பின்னால் எடுத்தபோது நாற்காலி அப்படியே நின்றுவிட்டது. எதிரே குப்பை வண்டி, தன் பாட்டைப் பாடிக்கொண்டு. பையும் கையுமாக வந்த தெருவே வேடிக்கை பார்த்தது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

"உங்களையும் ஏத்திக்கவான்னு கேட்டான்மா அந்தக் குப்பை வண்டிக்காரன்," என்று சிரித்தார். பால்மீன் கஞ்சி முன்னால் உட்கார்ந்தபோது சிரிப்பு இல்லை. "இனிமே நான் வெளிய வரல."

மார்ச் 7

பட்டறையில் ஓட்டிப் பார்த்தேன். திசை மாற்றும்போது மின்னோட்டம் ஈட்டி மாதிரி எகிறுகிறது; உடனே பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. ஒரு டிரான்சிஸ்டர் அணைந்த பிறகுதான் அதன் ஜோடி திறக்க வேண்டும். நடுவே இம்மி இடைவெளி. அந்த இடைவெளி என்னோடு வேலை செய்யும் லியாவ் எழுதிய நிரலில் இருக்கிறது. ஆகவே குற்றவாளி லியாவ்.

மார்ச் 10

குற்றவாளி ஒப்புக்கொள்ளவில்லை.

"மழை பெய்யறதும் என் தப்புதான்க்கா. ரெண்டு டிரான்சிஸ்டரோட கேட் சிக்னலையும் ஒண்ணா ஸ்கோப் திரையில பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? கோபமாக இருந்தேன், அதான்.

மார்ச் 11

பார்த்தேன். நான்தான்.

இரைச்சல் குறையட்டும் என்று டிரான்சிஸ்டரின் கேட் முனையில் இருக்கும் மின்தடையைப் பெரிதாக்கியது நானே. அதனால் டிரான்சிஸ்டர் சாவகாசமாக அணைகிறது. அதற்குள் ஜோடி திறந்துகொள்கிறது. இரண்டும் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் மின்சாரம் மோட்டாரை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராகப் பாய்கிறது. மின்தடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டையோடு வைத்தேன்— மெதுவாகத் திற, சட்டென்று அணை. ஈட்டியைக் காணோம்.

லியாவுக்கு பபிள் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"சர்க்கரை வேணாம்க்கா. உங்க மூஞ்சியப் பாத்தாலே இனிக்குது."

மார்ச் 12

அப்பா ஏற மாட்டேன் என்கிறார்.

மார்ச் 14

"சரியாயிடுச்சுன்னு நீ சொன்னா போதுமா? ஊரு பாத்துச்சே!"

சரி, ஊரே பார்க்கட்டும். குப்பை வண்டி வரும் நேரத்தில் நானே ஏறி உட்கார்ந்தேன். முன்னே, பின்னே, முன்னே, பின்னே. ஒருமுறைகூட நிற்கவில்லை. யாரோ கைதட்டினார்கள். அப்போது ஒரு அதட்டல்:

"இடது பக்கம் ஒடி! பஸ்ஸா இருந்தா இந்நேரம் செவுத்தைத் தட்டியிருப்பே!"

திரும்பினேன். அப்பா கைத்தடியோடு வாசலுக்கே வந்து நிற்கிறார்.

மார்ச் 17

வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. நாற்காலி இல்லை. உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். சதுரங்கக் காயை ஓங்கி வைக்கும் சத்தம், யாரோ திட்டும் சத்தம்.

"ஆட்டத்துல இருக்கேன். நீ சாப்பிடு," என்று வைத்துவிட்டார்.

இரண்டு பேருக்கு வாங்கி வந்த நூடுல்ஸில் ஒன்றரைப் பங்கை நானே தின்று தீர்த்தேன்.