குலேந்திரனின் பெயரில் ஒரு முழங்கால்

1987 செப்டெம்பர் 10, வியாழன். வில் நகரம், சுவிஸ்

பயிற்சியாளர் டிப்ளோமா தபாலில் வந்தது. கொழும்பில் பதினொரு வருடம் சம்பளத்துக்கு உதைபந்தாடியவன் நான். பின்வரிசையில் நின்று ஆட்களை மறிப்பதுதான் என் வேலை. இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். இராஜேஸ்வரி டிப்ளோமாவைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மனைவிக்குப் பெருமை. எனக்கும்தான்.

செப்டெம்பர் 13, ஞாயிறு

நான் பழக்குகிற எங்கள் தமிழ்க் கழகத்துக்கு இன்று போட்டி. பின்வரிசைக்காரன் குலேந்திரனுக்குக் காய்ச்சல். அந்த இடத்துக்குப் புதிதாய்ச் சேர்ந்த எமிலியானுஸ் மட்டும்தான் மிச்சம். விளையாட அனுமதிக்கிற, படம் ஒட்டிய பாஸ் அவனுக்கு உதைபந்தாட்டச் சங்கத்திலிருந்து இன்னும் வரவில்லை. குலேந்திரனின் பாஸை அவன் கையில் கொடுத்தேன். "இவங்களுக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதானடாப்பா. மீசையும் இருக்கு. போ." மத்தியஸ்தர் படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சரி என்றார். சிரித்தோம்.

இருபதாவது நிமிடம். எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தான். "காலைப் போடு, காலைப் போடு!" என்று கத்தியது நான்தான். போட்டான். அவன் முழங்கால் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அம்புலன்ஸ்காரன் பெயர் கேட்டான். மத்தியஸ்தர் பக்கத்தில் நிற்கிறார். "குலேந்திரன்" என்றேன். சமயம்? "இந்து." எமிலியானுஸ் என்னை ஒருக்கால் பார்த்தான்.

செப்டெம்பர் 14

நேற்றே சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் சொல்லலாம். சொன்னால் டிப்ளோமா போய்விடும் — கழகத்தையும் தூக்கிவிடுவார்கள். நாளைக்குப் பார்ப்போம்.

செப்டெம்பர் 20, ஞாயிறு

ஆஸ்பத்திரி. எமிலியானுஸ் மெல்லமாகச் சொன்னான்: "சுவாமியார் வந்தவர் அண்ணை. பக்கத்துக் கட்டிலுக்கு நற்கருணை குடுத்தவர். என்ர கட்டில் அட்டையிலை இந்து எண்டு இருக்கிறதைப் பாத்திட்டு, சிரிச்சுக்கொண்டு தாண்டிப் போட்டார்."

மன்னார்க் கத்தோலிக்கன். ஒரு ஞாயிறும் பூசை தவறாதவன். "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு" என்றேன். சீ, நானும் ஒரு மனிசனா?

செப்டெம்பர் 24

அவன் வேலை செய்த உணவகத்தில் வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் விசாரித்தார்களாம், எமிலியானுஸ் என்று அங்கே எவருமில்லை. சொல்லாமல் ஓடிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

செப்டெம்பர் 27, ஞாயிறு

அவனே தாதியின் கையைப் பிடித்துச் சுவாமியாரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது சமையலறையில் பழகிய டொச், ஜேர்மன் பாஷை, மட்டும். பாவசங்கீர்த்தனத்தை மொழிபெயர்க்க என்னைப் பிடித்து இருத்தினார்கள். பிள்ளையாரைக் கும்பிடுகிற என்னை!

கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "நான் பொய்ப் பெயரிலை கிடக்கிறன் சுவாமி. கடவுளுக்கு முன்னாலையும் பொய்யாக் கிடக்கிறன். என்னை மன்னியுங்கோ."

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சுவாமியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் களவெடுத்தானாம் என்று நான் மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பும் வந்தது, ஏன் ஒளிக்க வேண்டும். அவன் சொன்னபடியே சொன்னேன். பிறகு அடக்க முடியவில்லை. "அந்தப் பெயரைச் சொன்னது இவனில்லை, நான்" என்று டொச்சிலும் சொன்னேன், தமிழிலும் சொன்னேன்.

"அண்ணை, இது என்ர பாவசங்கீர்த்தனம்" என்றான் எமிலியானுஸ்.

வெளியே வந்து தாதிக்கு அவன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு சங்கத்துக்கும் எழுதினேன்.

ஒக்டோபர் 16, வெள்ளி

சங்கத்தின் பதில். எனக்கு மூன்று வருடத் தடை. டிப்ளோமாவைத் திருப்பி அனுப்ப வேண்டும். கழகத்துக்கு இந்தப் பருவம் முடிந்தது. குலேந்திரன் என்னோடு கதைப்பதில்லை.

ஒக்டோபர் 20, செவ்வாய்

டொக்டர் எமிலியானுஸின் எக்ஸ்ரே படத்தைக் காட்டி என்னிடம் டொச்சில் சொன்னார். நடப்பான். ஓட மாட்டான். விளையாட்டு இனி இல்லை.

அவனுக்கு இருபத்தாறு வயது.

"என்னவாம் அண்ணை?"

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தான்.

"நீங்கள் ஒண்டையும் மாத்திச் சொல்லேல்லையே, அண்ணை?"

மாற்றித்தான் சொன்னேன் என்று நான் சொல்ல வேண்டுமென்று அவன் முகம் கெஞ்சியது.

"இல்லையடா" என்றேன்.