கரண்ட் வந்தபோது கத்தினோம்

அக்கா,

நேற்று அம்மா உன் பக்கெட்டில் சுண்ணாம்பு கரைத்தாள். பொங்கலுக்கு வரிசை அறைகளுக்கெல்லாம் வெள்ளை அடிக்கிறோம். ஹீட்டர் ராடு மாட்டி மாட்டி நீ உருக்கிவிட்ட விளிம்பில் வெள்ளையடிக்கிற மட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "நல்ல பக்கெட்டுடி, தூக்கிப் போட மனசு வர்ல" என்றாள். சுண்ணாம்பு கொதித்துப் பொங்கியது. நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

நீ எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா இறந்த பிறகு, கம்பெனி ரோட்டுக்குப் போன நிலத்தின் பணத்தில் அம்மா ஒரே வரிசையாக அறைகள் கட்டி ஷிப்டுக்குப் போகிற பெண்களுக்கு விட்டாள். மோட்டார் போடுவது, பொது பாத்ரூமைக் கழுவுவது எல்லாம் என் வேலை. யாராவது பேர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். நீ மட்டும் விடவில்லை. போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் நின்று கால் வீங்கி வருவாய், வந்த கையோடு என்னைச் சீண்டுவாய். "ஏட்டி, நீ ஒங்கம்மைக்கு மகளா, இல்ல மோட்டாரு சுவிட்சா?" உன் திருநெல்வேலிப் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. சிரிப்பு மட்டும் வந்துவிடும்.

அறைகளில் அப்போதே பிளக் பாயின்ட் கிடையாது. யாரோ ஒருத்தி அயர்ன் பண்ணினாள் என்று எல்லா பாயின்ட்டையும் பிடுங்கி, ஓட்டையில் சிமென்ட் பூசிவிட்டாள் அம்மா. "வாடவ குட்த்துட்டு என் கரண்ட குடிக்கறாளுங்க" என்பாள். மார்கழியில் எங்கள் தொட்டித் தண்ணீர் எலும்பைத் தொடும். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தார்கள். உனக்கோ இளைப்பு. "பச்சத்தண்ணி ஊத்துனா நெஞ்சு கட்டிக்கிடும்ட்டி. லீவு போட்டா நாளைக்கே லைன்ல வேற ஒருத்திய நிறுத்திருவான். பொறவு ஊருக்குத்தான் பஸ் ஏறணும்."

அதனால்தான் பாத்ரூம் பல்பு. அம்மா மாட்டுக்கொட்டகைக்குப் போனதும் பல்பைக் கழற்றி உன் அறையில் வைத்துவிட்டு, அந்த ஹோல்டரில் ஸ்ரீபெரும்புதூர்க் கடையில் வாங்கிய அடாப்டரைத் திருகி, ராடின் பிளக்கைச் செருகுவாய். அடாப்டரில் இரண்டு ஓட்டைதான். பிளக்குக்கு மூன்று பின். பெரிய பின்னை, எர்த்துக்கு உள்ளதை, கல்லில் தட்டி நீயே உடைத்தாய். "மனுசனுக்கே ரெண்டு காலு போதும். இதுக்கு என்னத்துக்குட்டி மூணு?" என்று சிரித்தாய். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. அதைப் போட்டுவிட்டு உள்ளே போய், அம்மா பார்க்காமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் தண்ணீர் சுடும் வரை உட்கார்ந்திருப்பாய். பல்பு இல்லாத பாத்ரூமில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

அன்று கரண்ட் போனது. மோட்டார் நின்றது. நான் தொட்டியருகே இருந்தேன். "போய்ட்டா கரண்டு?" என்று உள்ளேயிருந்து கேட்டாய். "போய்ட்ச்சி" என்றேன். "சரி, எவ்வளவு சுட்டுருக்குன்னு பாக்கேன்" என்றாய்.

சிறிது நேரத்தில் கரண்ட் வந்தது. வந்தால் எப்போதும் கத்துவோமே, "ஹேய்" என்று வரிசை முழுக்க எல்லா அறையிலிருந்தும், அன்றும் அப்படியே கத்தினோம். உன் கை தண்ணீரில் இருந்தது. நீயும் கத்தியிருப்பாய். எங்கள் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

உன் அப்பா மறுநாள் வந்தார். செருப்பை ரோட்டோரமே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல வந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. "உம் பொண்ணு திருட்டுத்தனமா கரண்ட் எட்த்துச்சிய்யா. ஏதோ போறாத நேரம். அந்தப் பாத்ரூம் பல்ப கழட்டி எங்க வெச்சிச்சின்னு தெரியல. இருட்டுல பொம்பளைங்க போவறாங்க, கொஞ்சம் பார்த்துக் குடு." அவர் உன் பையைத் திறந்து ஒவ்வொரு துணியாக எடுத்து வைத்தார். பல்பு உடையாமல் இருக்க அதை உன் கம்பெனித் தொப்பிக்குள் வைத்திருந்தாய். இரண்டு கையாலும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "மன்னிச்சுக்கிடுங்க தாயி" என்றார். அம்மா அதை ஹோல்டரில் மாட்டி, எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அவரைப் போகவிட்டாள்.

லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, "எர்த்தே கெடையாதும்மா இங்க. ஒரு பாயின்ட் போட்டு, ஷாக் அடிச்சா தானா அணையற டிரிப்பர் வெச்சிடு" என்றார். அவர் போனதும் நான் அம்மாவிடம் கேட்டேன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கேட்டேன். "செத்தவ ஒருத்தி. பாயின்ட் போட்டா சுடுதண்ணி வெக்கப் போறவ எத்தினி பேரு?" என்றாள்.

பழைய பெண்கள் எல்லோரும் அந்த மாதமே காலி செய்தார்கள். பிறகு விழுப்புரம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் உன் அறையைப் பார்க்க வந்தார்கள். "முன்ன யாருக்கா இருந்தது?" என்றாள் ஒல்லியாக இருந்தவள். "கல்யாணம் கட்டிகினு போய்ட்டா. ராசியான ரூமு" என்றாள் அம்மா.

"செத்துட்டாங்க" என்றேன். "பாத்ரூம்ல ஷாக் அடிச்சி."

அம்மா அறைந்ததில் காது அடைத்துக்கொண்டது. அந்த ஒல்லிப் பெண் என்னைப் பார்த்தாள், பாத்ரூமைப் பார்த்தாள், பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

"கம்பெனி பஸ்ஸு இங்கயே நிக்குமாக்கா?"

"வாசல்லயே நிக்கும்."

அன்று சாயங்காலமே சாமான்களோடு வந்துவிட்டார்கள். பையின் வாயில் ஹீட்டர் ராடின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தொட்டியின் உப்புத் தண்ணீரில் ராடு வெடித்துவிடும் என்றேன், எர்த் பின்னை உடைக்காதீர்கள் என்றேன், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொடாதீர்கள் என்றேன். "சரி டீச்சர்" என்றார்கள். கொஞ்ச நாளில் பாத்ரூம் பல்பு மறுபடி இறங்கியது.

இப்போது விடியற்காலையில் கரண்ட் போனால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வெளியே இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுகிறேன் அக்கா. கரண்ட் வந்தாலும் போடுவதில்லை. வரிசை கத்தும்போது நான் கத்துவதில்லை, கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே இருப்பவளுக்குத் தண்ணீர் சுடவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது. "ஏய் பைத்தியம், நீ அணைச்சியா? நாசமாப் போவ!" என்று என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுகிறாள்.

அந்தத் திட்டு காதில் விழுகிற வரை நான் கதவை விட்டு நகர்வதில்லை.